மலை மறைக்கவில்லை, பீரோ மறைத்தது!

திருப்பரங்குன்றத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனால் எனக்கு எப்போதும் இரண்டு லாபம் உண்டு. கோயிலுக்குப் போய்விட்டு வரலாம். அக்கா கையால் குழிப்பணியாரம் சாப்பிடலாம். சென்ற மாதம் போனபோது மூன்றாவதாகவும் ஒரு லாபம் கிடைத்தது. கம்ப்யூட்டர் விஷயத்தில் சுவிட்சைப் போடுவதோடு என் ஞானம் முடிந்துவிடும். அப்பேர்ப்பட்ட நான், வீட்டில் இன்டர்நெட் ஏன் நொண்டுகிறது என்று நாலு பேருக்கு எடுத்துச் சொல்லும் நிலைமைக்கு இப்போது வந்திருக்கிறேன் என்றால் பார்த்துக் கொள்ளுங்களேன்!

நான் உள்ளே நுழைந்தபோது மாலை மணி ஐந்தரை. கூடத்தில் அக்கா லாப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து, "அ... ணி... ல்" என்று வாயை அகலத் திறந்து உச்சரித்துக் கொண்டிருந்தாள். திரையில் சிங்கப்பூரிலிருந்து ஒரு சிறுமி. அங்கே அப்போது இரவு எட்டு மணி. அத்தான் காலமான பிறகு அக்காவுக்கு இதுதான் ஜீவனம். கடல் கடந்து வாழும் நம்மவர் குழந்தைகளுக்கு வீட்டில் இருந்தபடியே தமிழ் சொல்லிக் கொடுக்கிறாள். அந்த வருமானத்தில்தான் வீடும் நடக்கிறது, பையனின் இஞ்சினீரிங் படிப்பும் நடக்கிறது.

"டீச்சர், உங்க வாய் திறந்தபடியே நிக்குது!" என்று சிரித்தது குழந்தை.

அக்கா வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் சிங்கப்பூரில் அது திறந்தபடியே நின்றுவிட்டது. பிறகு குரலும் வெட்டி வெட்டிப் போயிற்று. கடைசியில் குழந்தையின் தாயார் திரைக்கு வந்து, மிகவும் மரியாதையாக, "இந்த மாசம் அடிக்கடி இப்படி ஆகுதும்மா. அடுத்த மாசம் தொடர்வதைப் பற்றி யோசிச்சுச் சொல்றோம்" என்றாள். அக்காவின் முகம் வாடிவிட்டது.

"டேய்! அந்த விளையாட்டை நிறுத்தப் போறியா, இல்லையா?" என்று பின்கட்டைப் பார்த்துக் கூவினாள்.

"இப்பத்தானேம்மா ஆரம்பிச்சேன்! இன்னும் இருபது மணி ஐம்பது நிமிஷம்னு காட்டுது. நிறுத்தினா மறுபடியும் முதல்லேருந்து வரணும்!" என்று பதில் வந்தது. பையன் இறக்கிக் கொண்டிருந்தது 'பால்டர்ஸ் கேட் 3' என்ற விளையாட்டு. 2023-ல் வெளிவந்தது. கம்ப்யூட்டரில் 150 ஜி.பி. இடம் கேட்கிற ராட்சஸ விளையாட்டு அது.

"ஏன்டா தம்பி இவ்வளவு நேரம்?" என்று நான் கேட்டேன்.

"மலை மறைக்குது சித்தி. அதான் சிக்னல் சரியா வரல" என்றான், ஜன்னல் வழியே குன்றைக் காட்டி.

'வேகம் கூட்டித் தருகிறோம்!'

அந்தச் சமயம் பார்த்து அக்காவின் கைப்பேசி மணி அடித்தது. யாரோ ஒருவன் தேனாகப் பேசினான். உங்கள் இன்டர்நெட் மெதுவாக ஓடுவதாக எங்களுக்குத் தெரிகிறது. இங்கிருந்தே வேகத்தைக் கூட்டித் தருகிறோம். ஒரு சின்ன 'ஆப்' போட்டு அதில் வரும் எண்ணைச் சொன்னால் போதும். கட்டணம் பத்தே ரூபாய் என்றான். அக்கா இருந்த மனநிலையில் நூறு ரூபாய் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள். 'ஆப்'பைப் போட்டும்விட்டாள். "எண் சொல்றேன், எழுதிக்குங்க" என்று அவள் ஆரம்பித்த சமயத்தில், மாடி வீட்டுப் பெரியவர் பால் செம்பும் கையுமாகப் படியிறங்கி வந்தார்.

"தாயி, போனை வை!" என்றார். அந்தக் குரலில் இருந்த அதிகாரத்தில் அக்கா மறுபேச்சுப் பேசாமல் வைத்துவிட்டாள்.

பெரியவர் தொலைபேசி இலாகாவில் கம்பம் ஏறி, கம்பி இழுத்து, முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். "அந்த எண்ணைச் சொல்லியிருந்தா உன் போன் திரை முழுக்க அவன் கண்ணுக்குத் தெரியும். பத்து ரூபாயை நீ கட்டுறபோதே, எந்த பாங்கு, என்ன ரகசிய எண் எல்லாத்தையும் பார்த்துக்குவான். அப்புறம் கணக்குல என்ன மிஞ்சும்? தூரத்துல இருந்து வேகத்தைக் கூட்டித் தர்ற மந்திரம் எவன்கிட்டேயும் கிடையாது தாயி" என்றார்.

அந்தக் கணக்கில் இருந்தது பையனுக்குக் கட்ட வேண்டிய கல்லூரிப் பணம். அக்கா உடனே அந்த 'ஆப்'பை நீக்கினாள். அவள் கை நடுங்கியதை நான் பார்த்தேன். வாசகிகளுக்கும் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இப்படி யாரிடமாவது ஏமாந்து பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். இணையவழி மோசடிகளைத் தெரிவிப்பதற்காக அரசாங்கமே நடத்தும் எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

எட்டு ஆழாக்கு ஒரு படி

பெரியவர் செம்பைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பையனைக் கூப்பிட்டார். "எத்தனை வேகத்துக்குப் பணம் கட்டுறீங்க பேராண்டி?"

"100 எம்.பி.பி.எஸ். தாத்தா. ஆனா 2 எம்.பி.தான் வருது. நூத்துக்கு ரெண்டு! பகல் கொள்ளை!"

எம்.பி.பி.எஸ். என்றதும் டாக்டர் படிப்பைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே நான் நினைத்தேன். பெரியவர் சிரித்துக்கொண்டே எனக்கும் சேர்த்து விளக்கினார்.

"நம்ம வீட்டுப் பெரியவங்க அரிசி அளந்த கணக்கு ஞாபகம் இருக்கா? ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி. அப்படின்னா எட்டு ஆழாக்கு ஒரு படி. இதுவும் அதே கணக்குத்தான். எட்டு 'பிட்' சேர்ந்தா ஒரு 'பைட்'. இன்டர்நெட் கொடுக்கிறவன் ஆழாக்குல விலை பேசுறான். விளையாட்டு விக்கிறவன் படியில அளந்து காட்டுறான். நூறு ஆழாக்குக்குப் பணம் கொடுத்துட்டு நூறு படி வரலையேன்னா எப்படி வரும்?"

ஆக, 100-ஐ 8-ஆல் வகுத்தால் விநாடிக்கு 12.5 மெகாபைட். பையனுக்கு வர வேண்டியது அவ்வளவுதான். 150 ஜி.பி.யும் அந்த வேகத்தில் வந்தால் 12,000 விநாடி, அதாவது 3 மணி 20 நிமிஷம். அவனுக்கு வந்ததோ விநாடிக்கு 2 மெகாபைட். அதனால்தான் இருபது மணி ஐம்பது நிமிஷம். நூற்றுக்கு இரண்டு என்ற கொள்ளை பொய். ஆனாலும் ஆறில் ஐந்து பங்கு எங்கேயோ ஒழுகிப் போகிறது என்பது மெய்.

"அப்ப 300-க்கு மாத்திடலாமா ஐயா? மாசம் கொஞ்சம் கூடத்தான் ஆகும்..." என்று அக்கா இழுத்தாள்.

"பொறு தாயி. வாளியில ஓட்டை இருக்கிறப்போ, பெரிய குழாயாப் போட்டு என்ன பிரயோஜனம்?"

நாலு வருஷத்தில் ஒரு விளையாட்டு

பையனின் அவசரத்தைப் பார்த்துப் பெரியவருக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. பொதுஜனங்களுக்கு இன்டர்நெட் நம் நாட்டில் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல். வி.எஸ்.என்.எல். என்ற அரசாங்கக் கம்பெனி கொடுத்தது. டெலிபோன் கம்பி வழியாக விநாடிக்கு 9.6 கிலோபிட் வேகம். சென்னைக்கு அப்போது மெட்ராஸ் என்றே பெயர்.

"அந்த வேகத்துல உன் விளையாட்டை இறக்கினா எவ்வளவு நாள் ஆகும், கணக்குப் போடு பார்ப்போம்" என்றார்.

பையன் போட்டான். பன்னிரண்டரைக் கோடி விநாடி. இரவு பகல் பாராமல், ஒரு தடவையும் அறுந்து போகாமல் வந்தால்கூடக் கிட்டத்தட்ட நாலு வருஷம்!

"அதாவது, காலேஜில் சேர்ந்த அன்னிக்கு ஆரம்பிச்சா, பட்டம் வாங்குறன்னிக்கு விளையாடலாம்" என்றாள் அக்கா. அன்று மாலை அவள் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான்.

2001-ல் நம் மதுரை ஜில்லாவிலேயே மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு முயற்சி நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாக்கிய 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொடர்பைக் கொண்டு கிராமங்களில் இன்டர்நெட் நிலையங்கள் வைத்தார்கள். அதிகபட்ச வேகம் 70 கிலோபிட். பையனின் விளையாட்டு அதில் வர 198 நாள் பிடிக்கும். ஆனால் அந்த 70 கிலோபிட்டில், கிராமத்து ஜனங்களின் கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, டாக்டரின் யோசனையைக் கேட்டுச் சொன்னார்கள். 2004-ல் சர்க்கார் 'பிராட்பாண்ட்' என்ற பெயருக்கு வைத்த குறைந்தபட்ச அளவே 256 கிலோபிட்தான். 2023-ல் அதை 2 மெகாபிட்டாக உயர்த்தினார்கள்.

வேகம் கூடக் கூட, விளையாட்டும் பருத்துக்கொண்டே வந்திருக்கிறது. 1985-ல் உலகமே விளையாடிய 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' மொத்தமே 40 கிலோபைட். இப்போதைய விளையாட்டில் ஒரு பாத்திரத்தின் சட்டைத் துணியின் நெசவு தெரிய வேண்டுமென்றால், அந்தப் படம் ஒன்றே பல மாரியோக்களை விழுங்கிவிடும்.

மடையிலிருந்து வயல் வரை

"தென்கால் கண்மாய் நிறைஞ்சு கிடக்கு, வயல் காயுதுன்னு வச்சுக்க. என்ன செய்வோம்? மடையில தண்ணி விழுதான்னு முதல்ல பார்ப்போம். அங்கே விழுந்தா, வாய்க்காலோட நடந்து பார்ப்போம். எங்கே குறையுதோ அங்கேதான் உடைப்பு" என்று சொல்லிப் பெரியவர் எழுந்தார்.

ரௌட்டர் என்கிற சின்னப் பெட்டிதான் வீட்டுக்கு மடை. அதன் பக்கத்திலேயே அக்காவின் லாப்டாப்பைக் கொண்டு வந்து, ஒரு சின்னக் கம்பியால் இணைத்து, மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வேகத்தை அளந்தார்கள். 94 மெகாபிட்! பணம் கட்டிய 100-க்கு வஞ்சனை இல்லை. பிறகு அதே லாப்டாப்பைப் பையனுடைய அறைக்கு எடுத்துப் போய், கம்பி இல்லாமல் 'வை-பை'யில் அளந்தார்கள். 18!

"பார்த்தியா? மலை மறைக்குதுன்னியே, மலைக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்? உங்க வீட்டுக்கு வர்றது கண்ணாடி இழை. கம்பத்துலேர்ந்து நேரா வீட்டுக்குள்ள வருது. அதுக்குள்ள ஒளி விநாடிக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். பழியைத் தூக்கி மலை மேல போட்டுட்டியே! பிழை வீட்டுக்குள்ளதான் இருக்கு" என்றார்.

வாசகிகளே, இந்தச் சோதனை ஒன்றைச் செய்தாலே பாதிக் காரியம் முடிந்தது. ரௌட்டரின் அருகில் கம்பி போட்டு அளந்தும் வேகம் குறைவாக இருந்தால், இணைப்புக் கொடுத்தவரைக் கேட்கலாம். மாதத்துக்கு இவ்வளவு என்று வைத்திருக்கும் அளவு தீர்ந்து, அவர்களே வேகத்தைக் குறைத்திருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளலாம். அங்கே நன்றாக இருந்து அறைக்குள் குறைந்தால், அவர்களோடு சண்டை போட்டுப் பயனில்லை. கூடுதல் பணம் கட்டியும் பயனில்லை.

பீரோவின் திருவிளையாடல்

ரௌட்டர் எங்கே இருந்தது தெரியுமா? கூடத்து மூலையில், அக்காவின் கலியாணச் சீராக வந்த இரும்புப் பீரோவுக்குப் பின்னால்! பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று அக்காதான் மறைத்து வைத்திருந்தாள். வை-பை என்பது ரேடியோ அலை. இரும்புத் தகடு அதைத் திருப்பி அடித்துவிடும். நிலைக்கண்ணாடி, தண்ணீர் நிரம்பிய தொட்டி, பழைய வீட்டுத் தடித்த சுவர் எல்லாமே அதற்கு விரோதிகள். பையனின் அறைக்கும் ரௌட்டருக்கும் நடுவே ஒரு பீரோவும் மூன்று சுவர்களும் இருந்தன.

இந்த அலையில் இரண்டு ரகம் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது சுவரைத் தாண்டித் தூரம் போகும். ஆனால் வேகம் குறைவு, நெரிசல் அதிகம். அக்கம்பக்கத்து வீட்டு ரௌட்டர்கள் அதே பாதையில்தான் ஓடுகின்றன. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலையில் வேலை செய்வதால், குழம்பைச் சுட வைக்கும்போது இன்டர்நெட் திணறுவது உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் என்பது வேகமானது, ஆனால் ரொம்ப தூரம் போகாது. ஒரு சுவர் குறுக்கிட்டாலே சோர்ந்துவிடும். ரௌட்டரை வீட்டின் நடுவில், தோள் உயரத்துக்கு மேல், திறந்தவெளியாக வைப்பது உத்தமம்.

ரௌட்டர் பீரோவுக்குப் பின்னாலிருந்து விடுதலை அடைந்து, கூடத்துச் சுவர் அலமாரியின் மேல் ஏறியது. அக்காவின் லாப்டாப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸ் ஏற்பாடாயிற்று. பையனின் கம்ப்யூட்டர் இடத்தைவிட்டு நகராத மேஜைக் கம்ப்யூட்டர். "நகராத பெட்டிக்குக் கம்பியே மேல்" என்று சொல்லிவிட்டார், கம்பியிலேயே காலம் கழித்த பெரியவர். மறுநாள் காலை மதுரைக்குப் போய்ப் பையன் இருபது மீட்டர் கம்பி வாங்கி வந்தான். 'காட்-5இ' என்ற ரகம். நூறு மீட்டர் நீளம் வரை வேகம் குறையாது. கதவு நிலையை ஒட்டி ஆணி அடித்துக் கொண்டுபோனார்கள். செலவு சில நூறு ரூபாய்தான். பின்கட்டிலும் இப்போது 94!

நீலமும் பச்சையும்

இத்துடன் சுபம் என்று நினைத்தால், விளையாட்டு இன்னும் சண்டித்தனம் செய்தது. விநாடிக்கு 11 மெகாபைட் என்று பாயும். சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கும். மறுபடி பாயும், மறுபடி நிற்கும்.

பையன் விளையாட்டு வாங்குவது 'ஸ்டீம்' என்ற கடையில். வால்வ் என்ற அமெரிக்கக் கம்பெனி 2003-ல் தொடங்கியது. அதில் இறக்கும்போது இரண்டு கோடுகள் தெரிகின்றன. நீலம், வெளியிலிருந்து வரும் வேகம். பச்சை, கம்ப்யூட்டர் தன் வட்டில் எழுதி வைக்கும் வேகம். நீலம் விழும்போதெல்லாம் பச்சை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"மில்லுக்குப் பஞ்சு வர்றபோது அமுக்கிப் பொதி கட்டித்தானே வரும்? அதைப் பிரிச்சு அடுக்க ஆள் வேணும். ஆள் மெதுவா அடுக்கினா, லாரி வாசல்ல நிக்கும்" என்றார் பெரியவர். விளையாட்டும் அமுக்கித்தான் வருகிறது. அதைப் பிரித்து எழுதி வைப்பது கம்ப்யூட்டரின் வேலை. பையன் அதைச் சுழலும் தட்டு உள்ள பழைய ஹார்டு டிஸ்கில் எழுதச் சொல்லியிருந்தான். அதுவும் மூக்கு முட்ட நிரம்பிக் கிடந்தது. சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. என்ற வேகமான வட்டு அதே பெட்டிக்குள் இருந்தது. அதில் வேண்டாத சினிமாக்களும், முடித்துவிட்ட விளையாட்டுகளும் குடியிருந்தன. அவற்றுக்கெல்லாம் நோட்டீஸ் கொடுத்து வெளியேற்றி, புது விளையாட்டை அங்கே குடியேற்றியதும் நீலக் கோடு நிமிர்ந்து நின்றது.

லாப்டாப்பில் விளையாடும் பிள்ளைகள் இருந்தால், இறக்கும்போது மின்சாரத்தில் செருகி வைக்கச் சொல்லுங்கள். பாட்டரியில் ஓடும்போது பல லாப்டாப்புகள் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தாமாகவே மந்தமாகிவிடும்.

கடை பக்கத்தில் இருக்க...

இன்னொரு வேடிக்கை. யாரோ நண்பன் சொன்னான் என்று, இவன் சரக்கு வர வேண்டிய இடத்தைச் சிங்கப்பூர் என்று மாற்றி வைத்திருந்தான். இந்த விளையாட்டுகள் அமெரிக்காவிலிருந்து ஒவ்வொரு தடவையும் கப்பலேறி வருவதில்லை. பல நாடுகளிலும் பிரதிகளை வைத்திருக்கிறார்கள். ஸ்டீமுக்குச் சென்னையிலும் உண்டு, மும்பையிலும் உண்டு. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'டவுன்லோட்ஸ்' என்ற இடத்தில் ஊரைத் தேர்ந்தெடுக்கலாம். சென்னையை வைத்துப் பார்ப்பது. சாயங்கால நெரிசலில் அது திணறினால் மும்பையை வைத்துப் பார்ப்பது. அதே இடத்தில், 'இவ்வளவு வேகத்துக்கு மேல் போகாதே' என்று முன்பு எப்போதோ கட்டுப்பாடு போட்டு மறந்திருக்கிறோமா என்றும் பார்த்துக்கொள்வது.

"நிறுத்தினால் முதலிலிருந்து வர வேண்டும்" என்று பையன் பயந்தானே, அதுவும் வீண் பயம்தான். விளையாட்டு ஒரே மூட்டையாக வருவதில்லை. சுமார் ஒரு மெகாபைட் அளவுள்ள சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகிறது. வந்து சேர்ந்தது சேர்ந்ததுதான். மின்சாரம் போனாலும், நாமே நிறுத்தினாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒரே விளையாட்டை இரண்டு கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வதானால், இரண்டாவது தடவை வெளியிலிருந்து இறக்க வேண்டியதே இல்லை. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு வீட்டுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளும் வசதியை ஸ்டீம் 2023-ல் கொடுத்திருக்கிறது.

ஒப்புகைச் சீட்டு

கடைசிக் குற்றவாளி, என் அக்காவேதான்! அவளுடைய கைப்பேசி, கொழுந்தன் வீட்டுக் கலியாண வீடியோக்களை இரண்டு நாளாக மேகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. மேகம் என்றால் வானத்து மேகம் அல்ல. எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர் கிடங்குக்கு அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

"ஏத்துறது மேலே போகுது, இறக்குறது கீழே வருது. ரெண்டும் ஏன் மோதணும்?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான்.

"ரிஜிஸ்தர் தபால் அனுப்பினா ஒப்புகைச் சீட்டு திரும்பி வருமில்ல? அதே மாதிரி இங்கேயும் ஒவ்வொரு கட்டும் வந்ததும் 'கிடைத்தது'ன்னு சீட்டு மேலே போகணும். போனாத்தான் அடுத்த கட்டை அனுப்புவான். மேலே போற வழியை உன் கலியாண வீடியோ அடைச்சுக்கிட்டு நின்னா, சீட்டு போகாது. சீட்டு போகலைன்னா சரக்கு வராது" என்றார் பெரியவர்.

மேலே போகும் வழி குறுகலாக இருக்கும் இணைப்புகளில் இந்தச் சங்கடம் அதிகம். அக்காவின் வகுப்புக்கும் அதே வழிதான். அவள் முகமும் குரலும் சிங்கப்பூருக்கு ஏறிப் போவது அதன் வழியாகத்தானே! திறந்த வாய் மூடாமல் நின்றதற்கு அவள் கைப்பேசியும் ஓர் உடந்தை. வீடியோ ஏற்றுவதை நள்ளிரவுக்கு ஒத்திப்போட்டார்கள்.

கொஞ்சம் விட்டுக் கொடுத்தால்...

எல்லாம் சரியாயிற்று. ஆனால் இப்போது இறக்கும் வேகம் கூடியதில், அக்காவின் வகுப்புக்கு முன்னைவிட ஆபத்து கூடிவிட்டது! மடை திறந்ததும் மொத்தத் தண்ணீரையும் ஒரே வயல் குடித்துவிட்டால், பக்கத்து வயல் என்ன ஆகும்?

இதற்கும் வழி இருந்தது. ரௌட்டருக்குள் ஒரு வரிசை நிற்கிறது, ரேஷன் கடை வரிசை போல. பையனின் விளையாட்டு ஆயிரம் மூட்டைகளை வரிசையில் வைத்துவிட்டால், சிங்கப்பூர்க் குழந்தை சொன்ன 'அணில்' என்ற ஒரு சொல் அந்த ஆயிரத்துக்கும் பின்னால் போய் நிற்கிறது. அந்தச் சொல் சின்னதுதான், காத்திருப்பது பெரிதாகிவிடுகிறது. வழி முழுவதையும் நிரப்பாமல் கொஞ்சம் காலியாக விட்டுவிட்டால் வரிசையே சேராது. ஆகையால், இறக்கும் வேகத்துக்கு ஸ்டீமிலேயே ஒரு வரம்பு போட்டார்கள். 11 மெகாபைட் வரக்கூடிய இடத்தில் 8 போதும் என்று. வகுப்பு நேரத்தில் அதையும் நிறுத்தி வைப்பது, இரவு பதினொரு மணிக்கு மேல் வரம்பை எடுத்துவிட்டு முழு வேகத்தில் விடுவது, கம்ப்யூட்டர் தானாகத் தூங்கிவிடாதபடி அமைத்துவிட்டு நாம் தூங்கப் போவது என்று தாயும் பிள்ளையும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். பெரியவரும் நானும் சாட்சி.

அன்று மாலை ஐந்தரை மணிக்கு அக்கா வகுப்பை ஆரம்பித்தாள். நான் சமையலறைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சிங்கப்பூர்ச் சிறுமி, "அணில், ஆடு, இலை, ஈ" என்று தங்கு தடையில்லாமல் சொல்லிக்கொண்டு போனாள். ஓர் எழுத்துக்கூட அறுந்து விழவில்லை. முடிவில் தாயார் திரைக்கு வந்து, "இன்னிக்கு நல்லாத் தெரிஞ்சதும்மா. அடுத்த மாசமும் இதே நேரம் வச்சுக்கலாம்" என்றாள். அக்கா லாப்டாப்பை மூடிவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய் ஒரு தட்டு நிறையப் பணியாரம் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள்.

மறுநாள் காலையில் பார்த்தால், விளையாட்டு விடியற்காலம் மூன்று மணிக்கு முன்பே முழுவதும் இறங்கி முடிந்திருந்தது. மாதக் கட்டணத்தில் ஒரு ரூபாயும் கூடவில்லை. வாங்கியது ஒரு கம்பி; நகர்ந்தது ஒரு பெட்டி; அவ்வளவுதான்.

பையனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "சித்தி! இருபது மணி நேரம்னு காட்டினது, நாலு மணி நேரத்துக்குள்ள வந்துடுச்சு!" என்று குதித்தான்.

"ரொம்ப சந்தோஷம்டா. இதை விளையாடி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணும் இல்ல சித்தி. ஒரு நூறு மணி நேரம் ஆகும்."

அக்கா மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஐயா! இன்டர்நெட்டை மெதுவாக்க ஏதாவது வழி இருந்தா, கொஞ்சம் கீழே வந்து சொல்லிட்டுப் போங்களேன்!"